லிஃப்ட் செய்த பிக்கப்பில் கிரவுன் ரேஷியோ மாற்றுவது: ஃபோர்டு 8.8 ஆக்ஸிலுக்கு முழுமையான வழிகாட்டி

வண்டியை உயர்த்தி 35 இஞ்ச் டயர் போட்ட பிறகு ஏற்றத்தில் திணறுகிறதா? ஓவர்டிரைவில் நிற்காமல் மூன்றாவது கியருக்கும் நான்காவதுக்குமாக அலைகிறதா? இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள். டயர் பெரிதானதால் மொத்த கியர் விகிதமே மாறிவிட்டது. அதை ஆக்ஸிலுக்குள், பினியன் என்ற சிறு பல்சக்கரத்தையும் அது சுழற்றும் கிரவுன் வீல் என்ற பெரிய வளையப் பல்சக்கரத்தையும் மாற்றிச் சரிசெய்வதுதான் இந்த வேலை. கிரவுன் வீலின் பல் எண்ணிக்கையை பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே ரேஷியோ.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவில் ஓடும் 2004–2008 ஃபோர்டு எஃப்-150. 4.6 லிட்டர் வி8, நான்கு கியர் ஆட்டோமேட்டிக், ஃபோர் வீல் டிரைவ், பின்னால் 8.8 இஞ்ச் ஆக்ஸில் (அது கிரவுன் வீலின் விட்டம்). வேறு ஆக்ஸில் என்றாலும் வேலையின் வரிசை இதேதான். அளவுகளும் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய உலோக வளையம்) இருக்கும் இடமும் மட்டும் மாறும்.

புதிதாக இறங்குபவர்கள் பிரிப்பதில் அதிகம் தடுமாறுவதில்லை. க்ரஷ் ஸ்லீவை (பினியனின் இரு பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கி அமரும் உலோகக் குழாய்) முன்கூட்டியே நசுக்கிவிடுவது, பேட்டர்ன் (பற்கள் ஒன்றையொன்று தொடும் தடம்) பார்ப்பதற்குள் புது பேரிங்கை ஏற்றிவிடுவது என்று வரிசையில்தான் சறுக்குகிறார்கள். கீழே உள்ள 10-ஆம் படி வரை எதைச் செய்தாலும் திரும்பி வந்து திருத்தலாம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு தவறுக்கும் ஒரு பாகம் வாங்க வேண்டியிருக்கும்.

1. முதலில் கணக்கு

பழைய ரேஷியோவைப் புதிய டயர் விட்டத்தால் பெருக்கி, பழைய டயர் விட்டத்தால் வகுத்தால் பழைய ஓட்டம் திரும்ப வேண்டிய ரேஷியோ கிடைக்கும். வண்டியில் 3.55 இருந்து, டயர் 31-லிருந்து 35 ஆகியிருந்தால்: 3.55 × 35 ÷ 31 = 4.01. கடையில் கிடைப்பதில் இதற்கு அருகில் இருப்பது 4.10.

ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். பெரிய டயர் கனமானது. உயர்த்திய வண்டி காற்றையும் கூடுதலாகத் தள்ளியாக வேண்டும். எனவே நெடுஞ்சாலை ஆர்பிஎம்மையும் போட்டுப் பாருங்கள்: வேகம் (மைலில்) × ஆக்ஸில் ரேஷியோ × டாப் கியர் ரேஷியோ × 336 ÷ டயர் விட்டம் (இஞ்சில்). இந்த கியர்பாக்ஸில் ஓவர்டிரைவ் 0.70.

65 மைல் வேகத்தில், பழைய 31 இஞ்ச் டயரும் 3.55-உம் சுமார் 1750 ஆர்பிஎம். அதே 3.55-ஐ வைத்துக்கொண்டு 35 போட்டால் 1550. வி8 ஆனாலும் அந்தச் சுற்றில் ஏற்றம் இழுக்காது. 4.10 போட்டால் 1790, 4.56 போட்டால் 1990, 4.88 போட்டால் 2130.

என்னைக் கேட்டால் இந்த வண்டிக்கு 4.56. கணக்கில் 4.10 போதும் என்று வருவதை நம்பி அதைப் போட்டவர்கள் பலர், டிரெய்லர் இழுக்கும் முதல் நாளே இன்னும் ஒரு படி பெரிய எண்ணுக்குப் போயிருக்கலாமோ என்பார்கள். இரண்டு முறை செய்ய விரும்பும் வேலை அல்ல இது. 4.88 மலைப்பாதைக்கும் மண்ணுக்கும் நல்லது. ஆனால் ரேஷியோ எண் ஏற ஏற பினியனின் தலை சிறுத்துப் பல் குறையும். தினமும் நெடுஞ்சாலையில் போகும் வண்டிக்கு அது தேவையில்லை.

டயரின் பக்கத்தில் 35 என்று அச்சிட்டிருந்தாலும், காற்றடித்து வண்டி நின்ற நிலையில் அளந்தால் கொஞ்சம் குறைவாகவே வரும். அளந்த எண்ணைக் கணக்கில் போடுங்கள்.

2. உங்கள் ஆக்ஸில் எது என்று உறுதி செய்யுங்கள்

எஃப்-150-இல் இன்ஜினைப் பொறுத்து 8.8 ஆக்ஸிலும் வரும், 9.75-உம் வரும். ஒன்றின் பாகம் மற்றதில் சேராது. பின்பக்க மூடியின் போல்ட்டை எண்ணுங்கள்: 8.8-க்கு 10, 9.75-க்கு 12. டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் ஆக்ஸில் குறியீடு இருக்கும். ஆனால் பழைய வண்டி வாங்கியவர்கள் அதை மட்டும் நம்ப வேண்டாம். முந்தைய உரிமையாளர் ஏதாவது மாற்றியிருக்கலாம். மூடியைத் திறந்து பல்லை எண்ணுவதே சரி. கிரவுன் வீலில் 39, பினியனில் 11 என்றால் 3.55.

கேரியரையும், அதாவது கிரவுன் வீல் பொருந்தியிருக்கும் கூட்டையும், கவனியுங்கள். டானா 44 போன்ற ஆக்ஸில்களில் குறிப்பிட்ட ரேஷியோவைத் தாண்டினால் (3.73-உம் கீழேயும் ஒரு கேரியர், 3.92-உம் மேலேயும் இன்னொன்று) கேரியரையும் மாற்ற வேண்டும். 8.8-இல் அந்தத் தொல்லை இல்லை. இருக்கிற கேரியரே போதும்.

3. வாங்கி அடுக்க வேண்டியவை

பின் ஆக்ஸிலுக்கு ஒரு செட், முன் ஆக்ஸிலுக்கு ஒரு செட். இரண்டும் ஒரே ரேஷியோ. எஃப்-150-இன் முன் ஆக்ஸிலும் 8.8 என்பதால் பலர் இரண்டு பின் செட் வாங்கிவிடுகிறார்கள். முன்னால் இருப்பது ரிவர்ஸ் கட், அதாவது பல் எதிர்த்திசையில் வெட்டியது. ஆர்டர் போடும்போது அதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் முழு இன்ஸ்டால் கிட் ஒன்று: பேரிங்குகள், ரேஸ் (பேரிங் உருளும் வெளிவளையம்), க்ரஷ் ஸ்லீவ், பினியன் நட்டு, ஆயில் சீல், ஷிம், கிரவுன் வீல் போல்ட்டு, மார்க்கிங் பேஸ்ட் (பல்லில் தடம் காட்டும் வண்ணப் பசை). க்ரஷ் ஸ்லீவை மட்டும் கூடுதலாக இரண்டு வாங்கி வையுங்கள். விலை கொஞ்சம்தான், அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை வேலை நின்றால் எரிச்சல் அதிகம்.

கருவிகளில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை: காந்த அடியோடு டயல் கேஜ், மைக்ரோமீட்டர், இஞ்ச்-பவுண்டில் காட்டும் முள் வகை டார்க் ரெஞ்ச், பேரிங் புல்லர், ஹைட்ராலிக் பிரஸ். க்ளிக் வகை ரெஞ்ச் ப்ரீலோடு (பேரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் இறுக்கம்) பார்க்க உதவாது. சுற்றிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று அது காட்டாது.

4. செட்டப் பேரிங் செய்துகொள்ளுங்கள்

பினியனின் ஆழத்தைத் தீர்மானிக்கும் ஷிம், 8.8-இல் பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவே உட்காருகிறது. ஆகவே ஷிம்மை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த பேரிங்கை பிரஸ் வைத்துக் கழற்ற வேண்டும். புது பேரிங்கை நாலு முறை இழுத்தால் கூண்டு வளைந்து வீணாகிவிடும்.

வழி எளிது. கிட்டில் வரும் அதே பார்ட் நம்பரில் இன்னொரு பேரிங் எடுத்து, அதன் உள்துளையை ஹோன் செய்தோ எமரி தாள் சுற்றித் தேய்த்தோ, பினியன் தண்டில் கையால் வழுக்கிப் போகும்படி செய்யுங்கள். தேய்க்க வேண்டியது உள்துளையை மட்டும். ரோலர் பக்கம் தூசி படாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து பேரிங்குகளுக்கு இது வேண்டியதில்லை. அங்கே ஷிம் ரேஸுக்கு வெளிப்பக்கம் இருப்பதால் பேரிங்கைத் தொடாமலே மாற்றலாம்.

5. பிரிக்கும் முன் பதிவு

வண்டியைச் சமதளத்தில் ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். எண்ணெயை வடித்து மூடியைத் திறந்து, எதையும் கழற்றுவதற்கு முன் பழைய பல்லிலேயே பேஸ்ட் தடவி பேட்டர்ன் எடுத்துப் படம் பிடியுங்கள். பேக்லாஷையும் (பினியன் பல்லுக்கும் கிரவுன் வீல் பல்லுக்கும் இடையிலுள்ள ஆட்டம்) அளந்து எழுதுங்கள். ஓடித் தேய்ந்த பல் எப்படிப் படிகிறது என்று ஒருமுறை பார்த்தவருக்குப் புதிய பல்லைப் படிப்பது சுலபமாகும்.

கேரியரின் பேரிங்குகளைப் பிடித்திருக்கும் பேரிங் கேப் இரண்டிலும் பஞ்ச் வைத்து இடது, வலது, மேல், கீழ் அடையாளம் போடுங்கள். இவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடைந்தவை. இடம் மாறிப் போட்டால் பேரிங் ரேஸைக் கவ்விப் பிடித்து நாசமாக்கும்.

6. பிரித்தல்

சக்கரம், காலிப்பர், டிஸ்க், ஏபிஎஸ் சென்சார் கழன்ற பிறகு, கேரியரில் உள்ள குறுக்குப் பின்னின் லாக் போல்ட்டைக் கழற்றுங்கள். சின்ன போல்ட்டு, பசை போட்டு இறுகியிருக்கும், திருகினால் தலை முறியும் வகை. முதலில் சூடு காட்டுங்கள். பின்னை உருவி, ஆக்ஸில் தண்டை உள்ளே தள்ளினால் அதைப் பிடித்திருக்கும் சி-க்ளிப் கையில் விழும். பிறகு தண்டை வெளியே இழுக்கலாம். குறுக்குப் பின் வெளியே இருக்கும்போது தண்டைச் சுற்றாதீர்கள். உள்ளே இருக்கும் சின்ன ஸ்பைடர் கியர்கள் உருண்டு வெளியே விழும்.

ப்ரொபெல்லர் ஷாஃப்டும் பினியன் முனையிலுள்ள ஃப்ளேஞ்சும் (இணைப்புத் தட்டு) சேரும் இடத்தில் பெயின்ட் கோடு போட்டுக் கழற்றுங்கள். கேப்களைக் கழற்றி கேரியரை நெம்பி எடுக்கும்போது இரு பக்க ஷிம்களையும் இடம் வலம் கலக்காமல் தனித்தனிப் பையில் வைத்து, மைக்ரோமீட்டரில் அளந்து மேலே எழுதுங்கள். கம்பெனியில் போட்ட ஷிம் வார்ப்பிரும்பு, சுத்தியல் பட்டால் உடையும். அதை அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கிட்டில் வரும் எஃகு ஷிம்மால் அதே தடிமன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் பினியன் நட்டு. கழன்றதும் தலையிலுள்ள பழைய ஷிம்மை எடுத்து அளங்கள். உங்கள் தொடக்கப் புள்ளி அந்த எண்தான். தொலைந்தால் குருட்டாட்டம்.

7. சுத்தம்

இந்தப் படியை அரை மணியில் முடிப்பவர்கள் ஆறு மாதத்தில் பேரிங் மாற்றுகிறார்கள். ஆக்ஸில் குழாய்க்குள் துணியைக் கம்பியில் கட்டி இழுத்துத் துடையுங்கள். பழைய ரேஸை பித்தளைப் பஞ்ச் வைத்துத் தட்டி எடுத்து, புதியதை அடிவரை உட்கார வையுங்கள். உட்காரும்போது தட்டும் சத்தம் மந்தத்திலிருந்து கணீரென்று மாறும். ரேஸின் அடியில் ஒரு இரும்புத் துகள் சிக்கினாலும் ஆழ அளவு பொய்யாகிவிடும்.

8. கிரவுன் வீல் ஏற்றுதல்

கேரியரின் முகப்பில் பிசிர் இருந்தால் மெல்லிய அரத்தால் நீவி எடுங்கள். சில ஆண்டு வண்டிகளில் ஏபிஎஸ் பல்வளையமும் கேரியரில் இருக்கும், அதை வளைக்காதீர்கள். புது கிரவுன் வீலை வெந்நீரில் சற்று சூடேற்றித் துடைத்து வைத்தால் எளிதாக அமரும். போல்ட்டுக்குத் த்ரெட் லாக்கர் போட்டு, எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்கி 70–85 அடி-பவுண்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கமே இறுக்கிக்கொண்டு போனால் வட்டம் சாய்ந்து, பேக்லாஷ் இடத்துக்கு இடம் மாறும்.

கிறைஸ்லர் ஆக்ஸில்கள் சிலவற்றில் இந்தப் போல்ட்டு இடமரை. ஃபோர்டில் வலமரைதான். வேறு வண்டியில் பழகியவர்கள் கவனிக்க.

பெரிய எண் ரேஷியோவில் கிரவுன் வீல் தடிமனாக இருக்கும். குறுக்குப் பின் அதைத் தாண்டி உள்ளே போகிறதா என்று இப்போதே, மேசையில் வைத்தே பாருங்கள். போகவில்லை என்றால் வெட்டு விட்ட குறுக்குப் பின் ஒன்று வாங்க வேண்டிவரும். எல்லாம் மாட்டிய பிறகு தெரிந்தால் முழுதும் கழற்ற வேண்டும்.

9. பினியன் ஆழமும் பேக்லாஷும்

பழைய ஷிம்மின் அதே தடிமனை புதிய பினியனில் போட்டு, செட்டப் பேரிங்கை வழுக்கி ஏற்றி, க்ரஷ் ஸ்லீவ் இல்லாமல், பழைய நட்டால் பொருத்துங்கள். ஸ்லீவ் இல்லாததால் நட்டு பேரிங்கை நேராக அழுத்தும். கையில் லேசான இழுப்பு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கேரியரை இறக்கி, பழைய அளவு ஷிம்களை வையுங்கள். கடைசி ஷிம் கையால் சும்மா நழுவிப் போனால் ப்ரீலோடு இல்லை என்று பொருள். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டித்தான் நுழைய வேண்டும். கேப்களை 70–85 அடி-பவுண்டுக்கு இறுக்கி, டயல் கேஜின் முனையைப் பல்லின் வெளிவிளிம்பில் செங்குத்தாக வைத்து, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுன் வீலை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நான்கு இடங்களில் அளங்கள்.

ஃபோர்டு சொல்வது 0.008–0.015 இஞ்ச். வெளிக் கம்பெனி செட்டில் வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே கணக்கு. கிரவுன் வீல் இருக்கும் பக்கம் ஷிம் கூட்டினால் பேக்லாஷ் குறையும். ஒரு பக்கம் எடுத்ததை மறுபக்கம் அப்படியே கூட்டுங்கள், இல்லாவிட்டால் ப்ரீலோடு மாறிப்போகும். தோராயமாக 0.010 இஞ்ச் ஷிம் நகர்ந்தால் பேக்லாஷ் 0.007 நகரும்.

10. பேட்டர்ன் படிப்பது

முழு வேலையின் தலைவிதியும் இங்கேதான். பேக்லாஷ் எண் சரியாக இருந்தும் பேட்டர்ன் தவறாக இருக்கலாம். அந்த ஆக்ஸில் கத்தும், பிறகு பல் தேயும்.

மூன்று நான்கு பற்களுக்கு இரு முகமும் மெல்லிசாகப் பேஸ்ட் தடவுங்கள். தடிப்பாகத் தடவினால் எல்லாமே நல்ல பேட்டர்ன் மாதிரி தெரியும். ஃப்ளேஞ்சைத் துணியால் சுற்றி ஒருவர் இறுக்கிப் பிடித்துத் தடை கொடுக்க, இன்னொருவர் கிரவுன் வீலை ஸ்பேனரால் இரு திசையிலும் சில முறை சுற்றட்டும். தடை இல்லாமல் சுற்றினால் தடம் தெளிவாக விழாது.

இப்போது பல்லின் உச்சிக்கும் வேருக்கும் நடுவே தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். வேர்ப்பக்கம் இறங்கி, கீழ் ஓரம் கோடு போட்டதுபோலக் கூர்மையாக இருந்தால் பினியன் அதிக ஆழம். ஷிம்மைக் குறையுங்கள். உச்சிப்பக்கம் ஏறியிருந்தால் ஆழம் போதவில்லை, ஷிம் கூட்டுங்கள். ஓரங்கள் மங்கி, நடுவில் முட்டை வடிவில் விழுந்தால் சரி. பல்லின் நீளவாக்கில் தடம் சற்று உள்முனைக்கோ வெளிமுனைக்கோ நகர்ந்திருப்பதை நினைத்துக் கலங்காதீர்கள். ஆழம் சரியாக இருப்பதே முக்கியம்.

முன்னோக்கி ஓடும்போது சுமை ஏறும் குவிந்த முகத்துக்கு முதல் மரியாதை. குழிந்த முகம் கொஞ்சம் விலகியிருக்கலாம். ஒரு முகம் உச்சியிலும் மறுமுகம் வேரிலும் விழுந்தால் மட்டும் நிறுத்தி, ரேஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பினியனும் கிரவுன் வீலும் ஒரே செட் எண் கொண்டவையா என்று பாருங்கள்.

தொடக்கத்தில் 0.005 இஞ்ச் என்று பெரிய அடியாக வையுங்கள். தடம் எந்தப் பக்கம் போகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அருகில் வந்ததும் 0.002. ஒவ்வொரு முறையும் ஆழம் மாறினால் பேக்லாஷும் மாறும். அதைத் திரும்பச் சரிசெய்த பிறகே அடுத்த பேட்டர்ன். பேக்லாஷ் தவறாக இருக்கும்போது எடுத்த பேட்டர்னை வைத்து முடிவு செய்வது, நான் பார்த்தவரை, ஒரு முழு நாளை விழுங்கும் தவறு. ஒவ்வொரு படத்தோடும் ஷிம் அளவையும் பேக்லாஷையும் எழுதிவையுங்கள்.

11. க்ரஷ் ஸ்லீவ்

பேட்டர்ன் திருப்தியான பிறகு மட்டும் இங்கே வாருங்கள். எல்லாவற்றையும் பிரித்து, முடிவான ஷிம்மோடு புது பேரிங்கை பிரஸில் ஏற்றுங்கள். புது ஸ்லீவ், வெளி பேரிங், ஆயில் சீல், ஃப்ளேஞ்ச், புது நட்டு. சீலின் உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவ மறக்காதீர்கள். கேரியரை இப்போது மாட்ட வேண்டாம்.

ஸ்லீவ் நசுங்கத் தொடங்க பெரும் விசை வேண்டும். நீளமான கைப்பிடியும், ஃப்ளேஞ்சைப் பிடிக்கத் துளையிட்ட இரும்புப் பட்டையும் இல்லாமல் முடியாது. பினியனின் ஆட்டம் மறைந்ததும் வேகத்தைக் குறையுங்கள். அதன் பிறகு நட்டு கடிகார முள் அசைவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் பினியனைப் பல சுற்று சுற்றி பேரிங்கை உட்காரவிட்டு, இஞ்ச்-பவுண்டு ரெஞ்சால் சுற்றிக்கொண்டே பாருங்கள். புது பேரிங்குக்கு 16–29 இஞ்ச்-பவுண்டு. பழைய பேரிங்கையே போட்டிருந்தால் 8–14.

தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்தித் திரும்பக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். நசுங்கிய ஸ்லீவ் மீண்டும் நிமிராது. நட்டு தளர்ந்து நிற்கும், சில நூறு மைலில் பினியன் ஆடத் தொடங்கும். கூடுதலாக வாங்கச் சொன்ன ஸ்லீவ் இதற்குத்தான்.

12. மூடுதல்

கேரியரை மாட்டி, பேக்லாஷையும் பேட்டர்னையும் கடைசியாக ஒருமுறை பாருங்கள். செட்டப் பேரிங்குக்கும் புதியதுக்கும் சில சமயம் நூலளவு வேறுபாடு இருக்கும். ஆக்ஸில் தண்டு, சி-க்ளிப், குறுக்குப் பின், த்ரெட் லாக்கரோடு புது லாக் போல்ட்டு. மூடியின் முகப்பை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து சிலிகான் பூசி, அது இறுகும்வரை பொறுத்து 75டபிள்யூ-140 சிந்தெடிக் எண்ணெய் ஊற்றுங்கள். லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இருந்தால் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் திருப்பத்தில் தடதடவென்று அதிரும்.

13. முன் ஆக்ஸில்

முறை இதேதான். ஆனால் தனி சஸ்பென்ஷன் என்பதால் முழு ஹவுசிங்கையும் இறக்கி மேசையில் வைத்துச் செய்ய வேண்டும். லிஃப்ட் கிட்டின் தாங்கி பிராக்கெட்டுகள் வழியில் நிற்கும். எந்த போல்ட்டு எங்கே என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன் ஆக்ஸில் இன்னும் முடியவில்லை, பின்னால் மட்டும் மாற்றியாயிற்று என்றால் வண்டியை டூ வீல் டிரைவில் ஓட்டலாம். ஃபோர் வீலைத் தொடவே கூடாது. இரு ஆக்ஸிலும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முயன்று, டிரான்ஸ்ஃபர் கேஸில் (விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) ஏதாவது உடையும். ஸ்விட்சில் டேப் ஒட்டிவையுங்கள், வீட்டில் வேறு யாராவது ஓட்டுவார்கள்.

14. கம்ப்யூட்டருக்குச் சொல்லுங்கள்

கியர்பாக்ஸின் வெளித்தண்டில் வேகம் அளக்கும் வண்டிகளில், புதிய ரேஷியோவும் புதிய டயரும் பதியாவிட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். நம் கணக்கில் (4.56, 35 இஞ்ச் டயர்) அது 65 காட்டும்போது உண்மை வேகம் 57 மைல். கியர் மாறும் நேரமும் தவறும். ஸ்கேன் டூல் அல்லது கைக்கு அடக்கமான ட்யூனர் கொண்டு டயர் அளவு, ஆக்ஸில் ரேஷியோ இரண்டையும் மாற்றி, ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

15. முதல் 500 மைல்

15–20 மைல் மிதமான வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, அரை மணி நேரமாவது முழுதும் ஆறவிடுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். புதுப் பற்கள் ஒன்றையொன்று தேய்த்துப் பழகும்போது எண்ணெய் மிகவும் சூடேறும். ஆறவிடாமல் ஓட்டினால் பல்லின் மேல்பரப்பு பதம் கெடும். 500 மைல் வரை டிரெய்லர் வேண்டாம், அடித்து மிதிக்கவும் வேண்டாம்.

ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளை கேட்டாலும், விடும்போது மட்டும் கேட்டாலும் பேட்டர்னைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். மிதித்தாலும் விட்டாலும் மாறாத உறுமல் என்றால் பேரிங் பக்கம். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்று யாராவது சொல்வார்கள். சத்தம் அடங்கலாம், தேய்மானம் அடங்காது.

500 மைலில் எண்ணெயை மாற்றி, காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவுபோல ஒட்டியிருந்தால் இயல்பு. விரலில் குத்தும்படி செதில் இருந்தால் டிரெய்லர் மாட்டுவதற்கு முன் மூடியைத் திறந்து, பேஸ்ட் தடவி மீண்டும் பேட்டர்ன் எடுங்கள்.